உடன் செல்லும் ஊழியர்: ஒன்று

ஜூலை 6

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

முன்பின் தெரியாத ஒருத்தி எழுதுகிறேன். முதலில் அதற்கு மன்னித்துவிடுங்கள். நான்கு தடவை எழுதிக் கிழித்துவிட்டு, ஐந்தாவது தடவையாக இதை எழுதுகிறேன். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கக்கூடத் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன்.

உங்கள் மகனின் அலுவலகத்தில்தான், பாலங்கள் துறையில், நான் தட்டச்சராக இருக்கிறேன். ஜன்னலோர மேஜை என்னுடையது. அடுத்தது அவருடையது. காதில் எப்போதும் பென்சிலைச் செருகிக்கொண்டு வரைபடங்களோடு திரிவதால் அலுவலகமே அவரைப் 'பென்சில்' என்றுதான் கூப்பிடும். இது உங்களுக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியாது.

ஜூன் நான்காம் தேதி நடந்ததை நாளிதழில் பார்த்திருப்பீர்கள். வெள்ளத்தில் உடைந்த பாலத்தைப் பார்க்க எங்கள் தலைமைப் பொறியாளரும் இன்னும் ஆறு அதிகாரிகளும் ராணுவ விமானத்தில் போனார்கள். சாலையெல்லாம் தண்ணீரில் இருந்ததால் விமானம். மூடுபனியில் அது மலையில் மோதிவிட்டது. யாரும் பிழைக்கவில்லை. அதிகாரிகள் ஏழு பேர், விமானப்படையினர் நால்வர் என்று பதினொரு பெயர்கள் வந்தன. அதில் உங்கள் மகன் பெயர் இல்லை.

இந்த வாரம் உங்களுக்கு எங்கள் அலுவலகக் குறிப்பாணை ஒன்று வந்திருக்கும். 'ஜூன் நான்கு முதல் அனுமதியின்றிப் பணிக்கு வரவில்லை, பதினைந்து நாளுக்குள் வந்து சேர வேண்டும்' என்று இருக்கும். அதைத் தட்டச்சு செய்தவள் நான். அதை அப்படியே நம்பிவிடாதீர்கள், அம்மா. இப்போதைக்கு இவ்வளவுதான் எழுத முடிகிறது.

பதில் போடுவதானால் உறையின் பின்னால் இருக்கும் என் வீட்டு விலாசத்துக்குப் போடுங்கள்.

பணிவுடன்,
ஜன்னலோர மேஜையில் இருப்பவள்

*

ஜூலை 15

ஜன்னலோரப் பொண்ணுக்கு,

நல்லா இருக்கியாம்மா? நான் இருக்கேன். முழங்கால் வலி மட்டும் மிஷினை மிதிக்கிற வரைக்கும் விடாது. பள்ளிக்கூடம் திறந்த நேரம், யூனிபார்ம் தைச்சு முடியல.

நீ எழுதினதுல சந்தோஷம். ஆனா 'நம்பாதீங்க'ன்னு எழுதியிருக்கியே, எதை நம்பக் கூடாது? நாலு பேப்பர் வாங்கி, நாலுலயும் விரல் வச்சுப் பார்த்தேன். அவன் பேர் இல்ல. அப்புறம் உங்க ஆபீஸ் கடுதாசி வருது, வேலைக்கு வான்னு. செத்தவனுக்கு யாராவது வேலைக்கு வான்னு கடுதாசி போடுவாங்களா? அஞ்சாங்கிளாஸ் படிச்ச எனக்கே புரியுது.

அவன் ரோஷக்காரன். பதினேழு வயசுல, புதுசா வெள்ளையடிச்ச சுவர்ல பாலம் வரைஞ்சான்னு திட்டினேன். ஒம்போது நாள் காணோம். பத்தாம் நாள் வந்து, 'சோறு இருக்கா'ன்னு கேட்டான். இப்பவும் உங்க ஆபீஸ்ல யாரோ ஏதோ சொல்லியிருப்பாங்க. வந்துடுவான். பென்சில்னா கூப்பிடுறீங்க? நல்ல பேர்தான். காதுல வச்சதை மறந்துட்டு வீடு பூரா தேடுவான்.

பார்த்தா, பதில் போடாம இருக்கிறது நல்லா இல்லன்னு சொல்லு.

இப்படிக்கு,
அவனோட அம்மா

*

ஜூலை 28

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

முழங்காலுக்கு ஓய்வு கொடுங்கள். மிதிப்பதை யாராவது ஒரு வாரமாவது பார்த்துக்கொள்ள மாட்டார்களா?

உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவர் அந்த விமானத்தில்தான் போனார்.

பாலத்தின் பழைய வரைபடங்களைச் சுருட்டி எடுத்துக்கொண்டு கூட வரும்படி தலைமைப் பொறியாளர் அவரிடம் முந்தின நாள் மத்தியானம்தான் சொன்னார். அவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பயணிகள் பட்டியலை நான் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது மேஜைக்கு வந்தார்.

"என் பேரையும் அடிச்சிடுங்க. கீழ ஒரு ஓரத்துல போதும்."

"எதுக்கு?"

"விமானத்துல போனேன்னு எங்கம்மா நம்ப மாட்டாங்க. ஒரு நகல் கொண்டு போய்க் காட்டணும்."

எட்டாவதாக அவர் பெயரை அடித்தேன். கண்காணிப்பாளர் பார்த்துவிட்டு அதன் மேல் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டார். "அதிகாரிக்குத்தான்மா பேர். மத்தவங்களுக்கு எண்ணிக்கை போதும். இத்தனை வருஷமா அப்படித்தானே போகுது? திருப்பி அடி." திருப்பி அடித்தேன். 'உடன் செல்லும் ஊழியர்: 1.' ராணுவத்துக்குப் போனது அந்தத் தாள். நாளிதழ்களுக்கு அந்தக் கடைசி வரி போகவேயில்லை. கோடு போட்ட தாள் குப்பைக் கூடைக்குப் போக வேண்டியது.

விமானம் எரிந்து போனதால் யார் யார் என்று பிரித்தறிய முடியவில்லை என்றார்கள். எல்லோரையும் ஒரே இடத்தில் அடக்கம் செய்துவிட்டார்கள். ஜூன் நான்காம் தேதி காலை அவர் வரைபடச் சுருளோடு ஜீப்பில் ஏறியதை இந்த ஜன்னலிலிருந்து பார்த்தேன். அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் எழுத்தில் கொடுக்க யாரும் வர மாட்டேன் என்கிறார்கள். ஜீப் ஓட்டுநரைக் கேட்டதற்கு, "ஜீப்புல ஏத்தினது நான். விமானத்துல ஏத்தினது நானில்லையே" என்கிறார். பெயர் இல்லாததால் அவர் இன்னும் வேலைக்கு வராதவர்தான்.

நீங்கள் காத்திருக்க வேண்டாம் என்பதற்காகத்தான் எழுதுகிறேன். எழுதிய கையை நானே வெறுக்கிறேன்.

பணிவுடன்,
ஜன்னலோர மேஜையில் இருப்பவள்

*

ஆகஸ்ட் 25

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

பதில் இல்லை. எதிர்பார்க்கும் உரிமையும் எனக்கில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு செய்தி சொல்ல வேண்டியிருக்கிறது. அலுவலக முகப்பில் நினைவுக்கல் வைக்கப் போகிறார்கள். அதில் செதுக்க வேண்டிய பெயர்களை அடித்துக் கொடுக்கும்படி என்னிடம் சொன்னார்கள். பதினொன்று. பன்னிரண்டாவதைக் கண்காணிப்பாளரிடம் கேட்டேன். உரக்கக் கேட்டேனா என்று தெரியவில்லை. என் குரல் எனக்கே சில சமயம் கேட்பதில்லை. "காகிதம் இருந்தா கொண்டு வா, போட்டுடலாம்" என்றார்.

அவர் மேஜை அப்படியே இருக்கிறது. இழுப்பறையில் சீவின பென்சில்கள் ஏழு, ஒரு ரப்பர், கீழே பாதி வரைந்த ஒரு தூண். வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

பணிவுடன்,
ஜன்னலோர மேஜையில் இருப்பவள்

*

செப்டம்பர் 3

பொண்ணுக்கு,

வேறு விசேஷம் ஒண்ணும் இல்லையா?

போன மாசம் பதினெட்டாம் தேதி நான் உங்க ஆபீசுக்கு வந்தேன். உன் கடுதாசியைக் கிழிச்சுப் போட்டுட்டு, அப்புறம் பொறுக்கி ஒட்டி, அதையும் பையில வச்சுட்டு வந்தேன். நீ பொய் சொல்றேன்னு நிரூபிக்கத்தான் வந்தேன். உங்க கண்காணிப்பாளர் உக்காரச் சொன்னாரு, தண்ணி குடுத்தாரு. 'லிஸ்ட்ல பேர் இல்லம்மா, நான் என்ன பண்ணட்டும்'னாரு. பேசுறப்ப என் மூஞ்சியைப் பார்க்கல. அப்பத்தான் எனக்கு விளங்குச்சு, நீ எழுதினது நிஜம்னு. பொய் சொல்றவனுக்குத்தான் கண்ணு தரையில இருக்கும்.

திரும்பிப் போறப்ப ஜன்னல் பக்கம் பார்த்தேன். ஒரு பொண்ணு தலையை நிமிர்த்தாம டைப் அடிச்சுட்டே இருந்துச்சு. அஞ்சு நிமிஷம் நின்னேன். நிமிரவே இல்ல. நீதானே அது? ரெண்டு கடுதாசி எழுதத் தெரிஞ்சவளுக்கு, எழுந்து வந்து 'அம்மா'ன்னு ஒரு வார்த்தை சொல்லத் தெரியலையா?

வீட்டுக்கு வந்து மூணு நாள் மிஷினைத் தொடல. நாலாம் நாள் அவன் பெட்டியைத் திறந்தேன். மே மாசம் வந்தப்ப ஒரு துணி குடுத்துட்டுப் போனான். நீலத்துல வெள்ளைப் புள்ளி, ரெண்டு மீட்டர். 'ஒரு சட்டை தைக்கணும், அளவு அப்புறம் சொல்றேன்'னான். யாருக்குடான்னு கேட்டா சிரிக்கிறான். அது பொம்பளை துணி. எனக்கில்ல, புள்ளி போட்ட துணி எனக்குக் கண்ணைக் கூசும்னு அவனுக்குத் தெரியும். அளவு சொல்லாமலே போயிட்டான். அளவு தெரியாம கத்திரி வைக்க முடியுமா?

அந்தக் கோடு போட்ட தாள் நிஜமாவே குப்பைக்குத்தான் போச்சா?

அவனோட அம்மா

*

செப்டம்பர் 20

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

நீங்கள் திட்டியதற்கு நான் தகுதியானவள்தான். சாப்பிடுகிறீர்களா? மிஷினைத் தொட்டீர்களா?

நான்தான் அது. நீங்கள் உள்ளே நுழைந்ததுமே தெரிந்துவிட்டது. அவருடைய நெற்றி. கையில் பழுப்புப் பை. அதன் பிடியில் வேறு நிற நூலால் தையல். நீங்கள் நின்ற அந்த ஐந்து நிமிடமும் 'மேற்படி பொருள் குறித்து' என்ற ஒரே வரியைப் பதினொரு தடவை அடித்தேன். அந்தத் தாளையும் பிறகு கிழித்தேன். எழுந்தால் அழுதுவிடுவேன், அழுதால் ஏன் என்று கேட்பார்கள். அது ஒன்றுதான் காரணம். நல்ல காரணம் இல்லை என்று எனக்கே தெரியும்.

எங்கள் வீட்டில் படித்துப் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அப்பா சரக்குக் கிடங்கில் மூட்டை தூக்குகிறார். என் நியமன உத்தரவுக்குக் கண்ணாடி போட்டு, வாசலுக்கு நேரே மாட்டியிருக்கிறார். வருகிறவர்கள் செருப்பைக் கழற்றும்போதே அது தெரிய வேண்டுமாம். "ஆபீஸ்ல யாரையும் எதிர்த்துப் பேசிடாத கண்ணு, நமக்கு இது ஒண்ணுதான்" என்பார். நானும் மூன்று வருடமாக யாரையும் எதிர்த்துப் பேசியதில்லை. பேசியிருந்தால் அன்று எட்டாவது வரியை விட்டுக் கொடுத்திருக்க மாட்டேன்.

அந்தத் தாள் குப்பைக்குப் போகவில்லை. என்னிடம்தான் இருக்கிறது. வீட்டில், அகராதிக்குள்.

அலுவலகத் தாளை வீட்டுக்கு எடுத்துப் போவது குற்றம். நீக்கக்கூடச் செய்யலாம். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன் என்று நினைக்கிறேன். ஆனால் 'செல்லாத தாளை ஏன் வைத்திருந்தாய்' என்று கேட்பார்கள். எல்லோர் முன்னாலும் கேட்பார்கள். அப்போது நான் என்ன சொல்வது, அம்மா?

கொஞ்ச நாள் கொடுங்கள்.

பணிவுடன்,
ஜன்னலோர மேஜையில் இருப்பவள்

*

அக்டோபர் 2

பொண்ணுக்கு,

சாப்பிடுறேன். மிஷினும் ஓடுது. நீ சாப்பிடுறியா? தூரத்துலேர்ந்து பார்த்ததுக்கே குச்சி மாதிரி இருந்தே.

ஏன் வச்சிருந்தேன்னு நான் கேக்க மாட்டேன். கேக்கிறவங்க கேக்கட்டும்.

நாள் குடுன்னு கேட்டே. நான் குடுக்கிறேன், கல்லு வெட்டுறவன் குடுப்பானா? உன் வேலை போகணும்னு நான் நினைப்பேனா? உங்கப்பா மாட்டி வச்ச கண்ணாடிய நான் உடைக்க மாட்டேன். நீ முடியாதுன்னா முடியாதுன்னு ஒரு வரி எழுது. கோவிச்சுக்க மாட்டேன்.

ஆனா ஒண்ணு. இப்பவும் சாயங்காலம் வாசக் கதவுத் தாழ்ப்பாள்ல சத்தம் கேட்டா, மிதிக்கிற காலு நின்னுடுது. பத்தாம் நாள் வந்த மாதிரி வந்துடுவானோன்னு. அவன் இல்லன்னு மனசுக்குத் தெரியும். காலுக்குத் தெரியல. ஒரு கல்லுல அவன் பேரு இருந்தா, விரலை வச்சுத் தடவிப் பார்த்துட்டு வந்துடுவேன். விரலுக்குத் தெரிஞ்சா காலுக்கும் தெரிஞ்சுடும்.

பென்சிலோட அம்மா

*

அக்டோபர் 30

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தை உட்கார்ந்து, நிதானமாகப் படியுங்கள்.

உங்கள் கடிதம் வந்த அன்றே அப்பாவிடம் சொன்னேன். எல்லாவற்றையும் சொல்லவில்லை. 'வேலை போனாலும் போகலாம்' என்பதை மட்டும் சொன்னேன். அவர் எழுந்து போய், துண்டால் அந்தக் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு, "அந்தப் பையனுக்கும் ஒரு உத்தரவு வந்திருக்கும்ல? அவங்க வீட்லயும் மாட்டியிருப்பாங்கல்ல?" என்றார்.

அவர் விமானத்தில்தான் போனார், விசாரியுங்கள் என்று மறுநாளே மனு எழுதிக் கொடுத்தேன். இருபத்திரண்டாம் தேதி விசாரணை. பக்கத்துப் பிரிவிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். எல்லோரும் அவரவர் மேஜையில் இருந்தோம். தாளைக் கொண்டு போய் அவர் முன்னால் வைத்தேன். எட்டாவது வரி, அதன் மேல் சிவப்புக் கோடு, ஓரத்தில் கண்காணிப்பாளரின் கையெழுத்து, தேதி ஜூன் மூன்று.

"ஆபீஸ் பேப்பரை வீட்டுக்குக் கொண்டு போகக் கூடாதுன்னு தெரியும்ல?" என்றார் அதிகாரி.

"தெரியும் சார். அந்த சுற்றறிக்கையை டைப் பண்ணதும் நான்தான்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். நான் வேடிக்கையாகச் சொல்லவில்லை.

"அப்புறம் எதுக்கு இதை வச்சிருந்தே? இது செல்லாத பேப்பர் ஆச்சே."

தரையைப் பார்த்தேன். நீங்கள் எழுதியது ஞாபகம் வந்தது. நிமிர்ந்தேன்.

"அதுல அவர் பேர் இருந்துச்சு சார்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் சார். விமானம் விழுறதுக்கு முந்தியே எடுத்து வச்சுட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. அலுவலகம் முழுவதற்கும் தெரிந்துவிட்டது, அம்மா. அவருக்கே நான் இவ்வளவு உரக்கச் சொன்னதில்லை.

அப்போது கதவோரம் நின்ற ஜீப் ஓட்டுநர் முன்னால் வந்தார். "சார், நானும் எழுதிக் குடுத்துடறேன். விமானப் படிக்கட்டுல ஏறுறப்ப திரும்பி எனக்குக் கை காட்டினான். பென்சில் காதுலதான் இருந்துச்சு. 'டேய், அதையாவது எடுத்து உள்ள வைடா, காத்துல போயிடும்'னு கத்தினேன். கேக்கல." அவர் அழுதார். நாலு மாதமாக அழாமல் வைத்திருந்தது போலிருக்கிறது.

அந்தக் குறிப்பாணையை ரத்து செய்துவிட்டார்கள். பன்னிரண்டாவது பெயர் கல்லில் ஏறுகிறது. எனக்கு எழுத்து மூலம் ஒரு கண்டிப்பு, கீழ்த்தளத்துப் பதிவறைக்கு மாற்றம். வேலை போகவில்லை. கண்காணிப்பாளர் பதிவறை வாசல் வரைக்கும் வந்தார். "ரிட்டயராக ரெண்டு வருஷம்தான் இருக்கு. பயந்துட்டேன்மா" என்றார். நானும் பயந்தவள்தானே. இருக்கட்டும் சார் என்றேன்.

பதிவறையில் ஜன்னல் இல்லை. அதனால் இனி எப்படிக் கையெழுத்துப் போடுவதென்று தெரியவில்லை.

பணிவுடன்,
நான்

*

நவம்பர் 12

என் பொண்ணுக்கு,

உட்கார்ந்துதான் படிச்சேன். படிச்சு முடிச்சு எழுந்திருக்கத்தான் முடியல. பக்கத்து வீட்டுக்காரி யூனிபார்ம் வாங்க வந்தவ, 'என்னக்கா, சிரிக்கிறியா அழுவுறியா'ன்னா. போடி, ரெண்டும்தான்னேன்.

உங்க ஆபீஸ்லேர்ந்து அழைப்பு வந்துச்சு. டிசம்பர் நாலாம் தேதி கல்லு திறக்கிறாங்களாம், குடும்பத்தார் வரணுமாம். வரேன். பேர்ல எழுத்து ஒண்ணும் விட்டுடாம பார்த்துக்க. அவன் பள்ளிக்கூடத்துல சேர்ந்த அன்னிக்கே வாத்தியார் தப்பா எழுதி, திருத்தறதுக்குள்ள என் பாடு பெரும்பாடு ஆச்சு.

'குடும்பத்தார் எத்தனை பேர்'னு ஒரு கட்டம் போட்டு அனுப்பியிருக்காங்க. எண்ணிக்கைதான் வேணுமாம், பாரு. எனக்கு அவனை விட்டா வேற யாரு? ஒண்ணுன்னு எழுதப் போனேன். எழுதல. கட்டத்தைக் காலியா வச்சிருக்கேன்.

நேத்து மிஷினுக்கு எண்ணெய் போட்டேன். அந்த நீலத் துணியை எடுத்துப் பிரிச்சுப் பார்த்தேன், மடிப்புல லேசா வெளுக்க ஆரம்பிச்சிருக்கு. திரும்ப மடிச்சு வச்சேன்.

உடம்பைப் பார்த்துக்க. கீழ்த்தளம் ஈரமா இருக்கும், காலுக்கு ஏதாவது போட்டுக்க.

அம்மா

*

நவம்பர் 21

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

நலம். காலுக்குக் கம்பளி உறை போட்டுக்கொள்கிறேன். உங்கள் முழங்காலுக்கு நீண்ட பயணம் ஆகாது. பேருந்தில் முன் இருக்கையாகப் பார்த்து உட்காருங்கள். காலை ஒன்பது மணி வண்டி சரியாக இருக்கும். நிறுத்தத்தில் நான் நிற்பேன். இந்தத் தடவை தலையை நிமிர்த்திக்கொண்டு நிற்பேன்.

நேற்று கல் செதுக்குகிற இடத்துக்குப் போய்ப் பார்த்தேன். எழுத்தை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். செதுக்குபவர் ஒரு வேடிக்கையான மனிதர். "பதினோரு பேருக்கும் வந்து பார்க்காத ஆளு, பன்னண்டாவதுக்கு மட்டும் மூணு தடவை வந்துட்டியே" என்றார். பிழை ஒன்றும் இல்லை, அம்மா. கடைசி வரியாக இருப்பதால் கை எட்டும் உயரத்தில் இருக்கிறது. குனியாமலே நீங்கள் தொடலாம். உளி பட்ட ஓரம் இன்னும் கூர்மையாக இருக்கிறது. விரலை மெதுவாக வையுங்கள். நான் வைத்துப் பார்த்தேன்.

அவருடைய ஏழு பென்சில்களையும் எடுத்து வைத்திருக்கிறேன், உங்களிடம் கொடுக்க. அந்தப் பாதித் தூணையும்.

எழுத வேண்டியதெல்லாம் எழுதியாகிவிட்டது. ஒன்றே ஒன்றுதான் பாக்கி. செப்டம்பரிலிருந்து ஒவ்வொரு கடிதத்திலும் எழுத நினைத்து, ஒவ்வொன்றிலும் விட்டுவிட்டேன். முதல் வரியில் வைக்கப் பார்த்தேன், முடியவில்லை. இங்கே, இடம் தீரப் போகிற இடத்தில் வைக்கிறேன்.

மே மாதம் ஒரு நாள், எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், அவர் என் மேஜைக்கு வந்து உங்கள் தையல் நாடாவை எடுத்து வைத்தார். "எங்கம்மாவோட நாடா, தெரியாம எடுத்துட்டு வந்திருக்கேன். சட்டை அளவு வேணும், நீங்களே எடுத்து ஒரு காகிதத்துல எழுதிக் குடுங்க" என்றார். எனக்குக் காது வரை சூடாகிவிட்டது. "அப்புறம் தரேன்" என்றேன். "அப்புறம்னா எப்ப?" என்றார். "அப்புறம்தான்" என்றேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார். நாடா இத்தனை மாதமும் என் இழுப்பறையிலேயே இருந்தது. நேற்றுதான் வீட்டுக்கு எடுத்து வந்து, கதவைச் சாத்திக்கொண்டு அளவெடுத்தேன்.

தோள் பதினாலு. மார்பு முப்பத்திரண்டு. இடுப்பு இருபத்தாறு. கை ஒன்பது. நீளம் இருபத்திரண்டு.

அந்தக் காலிக் கட்டத்தில் இரண்டு என்று எழுதிவிடுங்கள். நாலாம் தேதிக்குள் அதைத் தைத்துக்கொண்டு வருவீர்களா, அத்தை?